கண்ணாகும் நாய்க்கு முதலில் தெரு வேண்டும்

பார்வையற்றவரை அழைத்துச் செல்லும் வழிகாட்டி நாய்களைப் பற்றியும், அவற்றைப் பேணும் கால்நடை மருத்துவம் பற்றியும் செயல்திட்டம் செய்ய நீலகிரி மாவட்டம் சோலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவி விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கைக்குக் கிடைக்கும் தகவல்கள் பெரும்பாலும் கடல் கடந்தவையாகவே இருக்கும். முதல் உலகப்போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, 1929இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் உருவான 'சீயிங் ஐ', 1931இல் இங்கிலாந்தின் வாலசியில் பயிற்சி முடித்த முதல் நான்கு நாய்கள் என்று வரலாறு வரிசையாக வந்துவிடும். லேப்ரடார் படம் ஒன்றை ஒட்டி, கீழே அழகாக எழுதிக் கொடுத்தால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்த ஏட்டில் சோலூர் எங்கேயும் இருக்காது. இங்கே ஒரு வழிகாட்டி நாய்கூட ஏன் நடக்கவில்லை என்ற கேள்வியிலிருந்துதான் அந்தச் செயல்திட்டம் தொடங்க வேண்டும். விடை தேடிப் போனால் அது நாயில் தொடங்காது, தெருவில் தொடங்கும். அவள் முதலில் தட்ட வேண்டிய கதவும் தன் பகுதியின் கால்நடை மருந்தகத்துக் கதவுதான்.

வழிகாட்டி நாய் செய்யும் வேலையைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. எசமானர் 'கடைக்குப் போ' என்றால் நாய் கொண்டுபோய் விட்டுவிடும் என்று நினைக்கிறோம். வழி தெரிந்தவர் மனிதர்தான். எத்தனையாவது திருப்பம், எந்தப் பக்கம் கடை என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கிறது. அந்த வழியில் குறுக்கே நிற்பதைச் சுற்றிக் கூட்டிப்போவதும், படி வந்தால் நிற்பதும், தலையில் இடிக்கும் உயரத்தில் தொங்கும் கிளையைக்கூடக் கணக்கில் கொள்வதும் நாயின் பொறுப்பு. வண்டி வருகிறபோது 'நட' என்று கட்டளை வந்தாலும் அது நகராமல் நிற்க வேண்டும். எப்போது சொல் கேட்கக் கூடாது என்று ஒரு விலங்குக்குக் கற்றுத்தருவதுதான் இந்தப் பயிற்சியின் உச்சம். குட்டி ஏறத்தாழ எட்டு வாரத்தில் ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்குப் போகிறது. பேருந்து, சந்தை, படிக்கட்டு, குழந்தைகளின் கூச்சல் எல்லாவற்றுக்கும் ஓராண்டுக்கு மேல் பழகுகிறது. பிறகுதான் முறையான பயிற்சி, அதன் பிறகு அதன் நடைக்கும் குணத்துக்கும் ஒத்துவரும் மனிதரோடு இணைப்பு. பயிற்சிக்கு வரும் நாய்களில் கணிசமானவை இடையிலேயே கழிந்துவிடும். தேறியவையும் எட்டு முதல் பத்து வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடும்.

இத்தனை பாடுபட்டு உருவாகும் நாய், நம் ஊரில் வாசலைத் தாண்டி நூறு அடி நடந்தால் என்ன ஆகும்? தெருநாய்கள் சூழ்ந்துகொள்ளும். கட்டாக்காலி நாய்கள் மிகக் குறைவாக உள்ள பிரிட்டனிலேயே, வேறொரு நாய் பாய்ந்து கடித்ததால் அச்சம் பிடித்து வேலையை விட்ட வழிகாட்டி நாய்கள் உண்டு. ஒரே ஒரு தாக்குதல் போதும், இரண்டாண்டு உழைப்பு வீணாகிவிடும். நம் தெருவில் அது அன்றாட அபாயம். 2024இல் இந்தியாவில் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கு மேல். உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் இந்தியர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வெறிநோய் சந்தேகமுள்ள விலங்கிடம் கடிபடுவோரில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பார்வையற்ற ஒருவருக்கு இந்தத் தெரு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உறுமல் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து என்பது தெரியாது. தற்காத்துக்கொள்ளக் கோலை வீசினாலோ நாய் இன்னும் சீறும். ஆக, வழிகாட்டி நாய்க்கு இல்லாத தெரு, வெள்ளைக் கோலுக்கும் இல்லை. பள்ளிக்கு நடக்கும் குழந்தைக்கும் இல்லை.

நாய்க்கடியின் வரலாற்றில் நீலகிரிக்குத் தனி இடம் உண்டு என்பதை இந்த மாணவி அறிந்திருக்க வேண்டும். 1902இல் நாய் கடித்த ஓர் இளம் ஆங்கிலப் பெண், வெறிநோய்ச் சிகிச்சை வடக்கே தொலைவில் கசௌலியில் மட்டுமே இருந்த காலத்தில், உயிரிழந்தார். அந்த மரணம் எழுப்பிய வேதனையிலிருந்துதான் தென்னிந்தியாவுக்கென ஒரு நிலையம் வேண்டும் என்ற முயற்சி பிறந்து, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்து, வயிற்றில் வரிசையாகப் போட்ட அந்தக் கால ஊசியை நம் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. அந்த முறை கைவிடப்பட்டு, செல் வளர்ப்பு வழியாகத் தடுப்பூசி செய்யும் காலம் வந்துவிட்டது. மருந்து நம் மலையிலேயே உண்டான பிறகும் மரணம் ஏன் நிற்கவில்லை? கடித்த பிறகு மனிதருக்கு ஊசி போடுவதில் காட்டிய அக்கறையைக் கடிப்பதற்கு முன் நாய்க்கு ஊசி போடுவதில் நாம் காட்டவில்லை என்பதே என் பதில்.

ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டு, அதை ஆண்டுதோறும் தொடர்ந்தால், நாயிலிருந்து நாய்க்கு வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். இது ஏட்டுக் கணக்கு அல்ல. கோவாவில் மிஷன் ரேபிஸ் அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 95 ஆயிரம் நாய்களுக்கு ஊசி போட்டன. மனித மரணம் நின்றது, நாய்களில் மாதந்தோறும் தென்பட்ட வெறிநோய் 92 சதவீதம் குறைந்தது. மிஷன் ரேபிஸைத் தொடங்கிய வேர்ல்டுவைட் வெட்டரினரி சர்வீஸ் நீலகிரிக்குப் புதியதல்ல. தெருநாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்வதில் கால்நடை மருத்துவர்களுக்குப் பயிற்சி தரும் அதன் மையம் உதகைப் பகுதியில் நடந்துவருகிறது. நாடெங்கும் இருந்து மருத்துவர்கள் மலையேறி வந்து கற்கும் ஒரு தொழிலை, மலையிலேயே பிறந்த பிள்ளைகள் பார்க்காமலே பள்ளிப் படிப்பை முடித்துவிடக் கூடாது.

இந்த 70 சதவீதத்தை எப்படி அளப்பது? இங்கேதான் மாணவியின் செயல்திட்டத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஊசி முகாமில் ஒவ்வொரு நாயின் தலையிலும் சில நாளில் மறைந்துவிடும் சாயப்புள்ளி வைப்பார்கள். அடுத்த நாள் அதே தெருக்களில் நடந்து, புள்ளி உள்ள நாய்கள் எத்தனை, இல்லாதவை எத்தனை என்று எண்ணினால், ஊசி எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். சோலூர் பேரூராட்சியின் வீதி, தேயிலைத் தோட்ட லைன் வீடுகள், சுற்றியுள்ள படுகர் ஊர்கள் என்று தனித்தனியாக எண்ணினால், எங்கே ஊசி போய்ச் சேரவில்லை என்பதும் தெரியும். தோட்ட லைன்களில் நாய்க்குப் பெயர் உண்டு, சோறு போடும் வீடும் உண்டு, ஆனால் பிடித்துக்கொடுக்கும் ஆள்தான் பகலில் கொழுந்து பறிக்கப் போயிருப்பார். முகாமை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வேண்டும் என்ற ஒரு முடிவு இந்தக் கணக்கிலிருந்து வந்தால், அந்தச் செயல்திட்டம் ஏட்டை விட்டு வெளியே வந்துவிட்டது என்று பொருள்.

கால்நடை மருத்துவத்தின் பங்கு ஊசியோடு முடிவதில்லை. வழிகாட்டி நாயின் பயிற்சிக்கு முன்பே அதன் தாய் தந்தையரின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயில் பார்க்கப்படுகிறது, கண்ணில் பரம்பரை நோய் இருக்கிறதா என்று சோதிக்கப்படுகிறது. தலைமுறை தலைமுறையாகப் பதிவேடு வைத்துத்தான் நல்ல குட்டி பெறப்படுகிறது. இந்த அறிவியலைக் காண வெளிநாடு போக வேண்டியதில்லை. சோலூருக்கு அண்மையில் சாண்டிநல்லாவில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறியாட்டு இனவிருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரி ஆட்டைக் காப்பதும், அதனோடு மெரினோ கலந்து சாண்டினோ என்ற கலப்பினத்தை உருவாக்கியதும் இதே வம்சாவளிப் பதிவேட்டின் பலம்தான். ஆட்டுக்குக் கம்பளி, நாய்க்குப் பொறுமை என்று நாடும் குணம் மாறுகிறது, முறை மாறுவதில்லை. 'நம் நாட்டு நாய்களையே பழக்கலாமே' என்று கேட்பவர்களுக்கும் இங்கே பதில் கிடைக்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடும் இரையைக் கண்டதும் பாயும்படி தலைமுறைகளாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அறியப்பட்ட சிக்கல். இனப்பற்று நல்லதுதான், ஆனால் சாலையைக் கடக்கும் மனிதரின் உயிரை அதன் பேரில் பணயம் வைக்க முடியாது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது வலுவானது. அமெரிக்காவில் ஒரு வழிகாட்டி நாயை உருவாக்க நம் மதிப்பில் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். 50 வயது கடந்தவர்களின் பார்வையின்மையில் 66 சதவீதத்துக்குக் காரணம் கண்புரை என்கிறது அண்மைய தேசிய ஆய்வு. அந்தப் பணத்தில் எத்தனை கண்புரை அறுவை செய்யலாம்? டெல்லி ஐஐடி வடிவமைத்து, சென்னை நிறுவனம் ஒன்று தயாரித்த ஸ்மார்ட்கேன் கோல் 2014இல் வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 3,000 ரூபாய்தானே? இந்தக் கணக்கை நான் அப்படியே ஏற்கிறேன். நாளைக்கே நீலகிரியில் வழிகாட்டி நாய்ப் பள்ளி திறக்க வேண்டும் என்று சொல்லவும் வரவில்லை. குளிர்ந்த காற்று லேப்ரடாருக்கு ஒத்துவரும் என்பது உண்மை. ஆனால் நடைபாதை இல்லாத சரிவுச் சாலை, தேயிலைக்குள்ளிருந்து திடீரென எழும் காட்டுமாடு, நாயையே இரையாகத் தேடி வரும் சிறுத்தை ஆகியவையும் இங்கே உண்டு. இந்தச் செயல்திட்டம் கேட்பதோ நாயை அல்ல. வழிகாட்டி நாய் நடக்கத் தகுந்த தெரு என்பது ஓர் அளவுகோல். அந்த அளவைத் தொடும் தெருவில் மூவாயிரம் ரூபாய்க் கோலும் நடக்கும், கண்புரை அறுவை முடித்துத் தட்டுத்தடுமாறி வரும் பாட்டியும் நடப்பார். கோலால் அறியக்கூடியது பள்ளமும் தடையும்தான், பாய்ந்து வரும் நாயை எந்த மின்னணுக் கருவியும் தடுக்காது.

இரண்டாவது மறுப்பு பெற்றோருடையது. பிள்ளைகளை நாய்களின் பக்கம் அனுப்புவதா? அந்த அச்சம் நியாயமானது, அதனால்தான் வேலையைப் பிரிக்க வேண்டும் என்கிறேன். நாயைப் பிடிப்பதும் ஊசி போடுவதும், முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்ட பயிற்சி பெற்றவர்களின் வேலை. மாணவி செய்வது தொலைவில் நின்று எண்ணுவது, மருந்தகப் பதிவேட்டைப் படிப்பது, பார்வை மாற்றுத்திறனாளிகளைச் சந்தித்துக் கேட்டறிவது. ஆசிரியர் ஒருவர் உடன்போக வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், உடனே ஊசிக்கு ஓட வேண்டும் என்பதை மனத்தில் பதித்துக்கொண்டு வீடு திரும்பும் ஒரு பிள்ளை, அந்தத் தெருவுக்கே பாதுகாப்பு. நாயைக் கண்டு நடுங்கவும் கல்லெறியவும் மட்டுமே கற்ற பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

'நாய்களையே அப்புறப்படுத்திவிட்டால் என்ன' என்று கேட்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். கடிபட்ட குழந்தையின் வீட்டார் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. டெல்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தி, கருத்தடையும் ஊசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் உள்ளவற்றுக்கும் மூர்க்கமானவற்றுக்கும் மட்டும் விலக்கு. பின்னர் நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றவும் உத்தரவிட்டது. எந்த வழியில் போனாலும் பிடிக்க, அறுவை செய்ய, ஊசி போட, பதிவேடு வைக்க கால்நடை மருத்துவர் வேண்டும். முதுமலைக் காட்டின் ஓரத்தில் வாழும் சோலூருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊர் நாயின் வெறிநோயும் டிஸ்டம்பர் என்ற நச்சுயிரி நோயும் செந்நாய்க் கூட்டத்துக்கும் தொற்றக்கூடியவை. 2018இல் கிர் காட்டில் சிங்கங்கள் மடிந்தபோது டிஸ்டம்பர் என்ன செய்யும் என்பதை நாடே பார்த்தது.

நாயைக் காலம் முழுவதும் மனிதருக்கு வேலை செய்ய வைப்பது நியாயமா என்ற கேள்வியும் உண்டு. மாணவி அதையும் எழுத வேண்டும். வேலைக்கு விருப்பம் காட்டாத நாயைப் பயிற்சியிலிருந்து விலக்கி நல்ல வீட்டில் விடுவதும், சேணம் கழன்றதும் விளையாட விடுவதும் நல்ல பள்ளிகளின் நடைமுறை. தெருவில் சொறி பிடித்துப் படுத்திருக்கும் நாயைத் தாண்டிப் போகும் நாம் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது, அந்த நாயையும் சேர்த்துக் கேட்பதுதான் முறை.

தேர்வுக்குப் படிக்கும் நேரம் வீணாகிறதே என்பது ஆசிரியர்கள் சொல்லும் காரணம். கால்நடை மருத்துவப் பட்டப்படிப்புக்குத் தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கிறார்கள், அவற்றுக்கு நீட் இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடும் இருக்கிறது. மலையோரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்குத் திறந்திருக்கும் கதவு அது. அந்தத் தொழில் என்னவென்றே தெரியாத பிள்ளை அதற்கு எப்படி விண்ணப்பிக்கும்? பள்ளிக் கல்வித் துறையும் கால்நடை பராமரிப்புத் துறையும் ஓர் எளிய உத்தரவில் இதைச் செய்ய முடியும். ஆண்டுக்கு ஒரு முறை வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடக்கும் வாரத்தில், அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியின் உயிரியல் மாணவர்களுக்கு எண்ணும் பணியைக் கொடுக்கலாம். அந்த எண்ணிக்கையைப் பேரூராட்சி அலுவலகப் பலகையில் தெருவாரியாக எழுதி வைக்கலாம். உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28க்கு முன் முகாம் நடந்தால், காலாண்டு விடுமுறைக்குள் கணக்கு முடிந்துவிடும். அந்தப் பலகையில் ஒரு தெருவுக்கு நேரே 70க்குக் கீழ் எண் இருந்தால், மறுவாரம் மருந்தக வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.