மலிவு டிக்கெட்டும் பாக்கிச் சம்பளமும்

விமானக் கம்பெனிகள் போட்டி போட்டால் கட்டணம் குறையும், கட்டணம் குறைந்தால் ஏழையும் பறப்பான் என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் இருபது ஆண்டுகளாகப் பாடம் ஓதி வருகின்றன. பாடத்தின் பிற்பகுதியை அவை எழுதுவதில்லை. நாம் எழுதுவோம்.

2003-ல் கேப்டன் கோபிநாத் 'ஏர் டெக்கான்' கம்பெனியைத் தொடங்கினார். பிறகு ஒரு ரூபாய்க்கு டிக்கெட் என்று விளம்பரம் வந்தது. அவருடைய துணிச்சலை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எண்ணெய்க்கும் விமான வாடகைக்கும் டாலரில் கணக்குப் பார்க்கும் தொழிலில், ஒரு ரூபாய் டிக்கெட் எத்தனை நாள் ஓடும்? நட்டம் குவிந்தது. 2007-ல் சாராய முதலாளி விஜய் மல்லையா உள்ளே நுழைந்தார். மறு ஆண்டே ஏர் டெக்கான் அவருடைய கிங்ஃபிஷருக்குள் கரைந்தது. 2012-ல் கிங்ஃபிஷரும் கவிழ்ந்தது. பல மாதமாகச் சம்பளம் காணாத என்ஜினியர்கள் வேலையை நிறுத்தினார்கள். அக்டோபரில் விமானங்கள் தரையில் நின்றன. பாங்கிகளுக்குப் பட்ட கடன் வட்டியோடு 9,000 கோடி ரூபாய் என்றார்கள். 2016 மார்ச்சில் மல்லையா லண்டனுக்கு விமானம் ஏறினார். அவருக்கு மட்டும் டிக்கெட் தட்டுப்பாடே இல்லை!

அடுத்தது 'கோ ஃபர்ஸ்ட்'. பாதி விமானங்கள் என்ஜின் இல்லாமல் நிற்கின்றன, அமெரிக்க என்ஜின் கம்பெனியே காரணம் என்று கூறி 2023 மே மாதம் திவால் மனுப் போட்டது. விமானங்களை வாடகைக்கு விட்ட அந்நியக் கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. 2024 ஏப்ரலில் தில்லி உயர்நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை நீக்கச் சொன்னது. அப்படிப்பட்டவர்களின் சொத்தைக் காக்க 2025-ல் பாராளுமன்றம் தனிச் சட்டமே செய்தது. பொருள் அவர்களுடையது, எடுத்துக்கொண்டு போகட்டும். அந்த விமானத்தைத் துடைத்தவன், முடுக்கியவன், மூட்டை ஏற்றியவன் ஆகியோரின் உழைப்பு யாருடையது? அவர்களுடைய சம்பள பாக்கிக்கு இப்படி ஒரு தனிச் சட்டம் ஏன் வரவில்லை?

தப்பிப் பிழைத்தது இண்டிகோ. 2005-ல் ஒரேயடியாக நூறு ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, பெரும்பாலும் ஒரே ரகத்தை ஓட்டி, வாங்கியதை விற்று வாடகைக்கு எடுத்து, கணக்காகத் தொழில் நடத்தியது. மறுக்கவில்லை. இன்று உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் அதன் கையில். போட்டி பெற்ற பிள்ளையின் பெயர் ஏகபோகம்!

அந்த ஏகபோகம் என்ன செய்யும் என்பதை 2025 டிசம்பரில் நாடு கண்டது. விமானிக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவில் தரையிறக்குவது ஆறு முறைக்குப் பதில் இரண்டே முறை. களைத்த கண்ணோடு யாரும் விமானம் ஓட்டக் கூடாது என்பதற்காகப் போட்ட விதிகள் இவை. 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. அதற்கேற்ற ஆள் ஏற்பாட்டைக் கம்பெனி செய்யவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து! நிலையத்தில் பெட்டியின்மேல் தலைவைத்து ஜனங்கள் படுத்துக் கிடந்தார்கள். சர்க்கார் என்ன செய்தது? இரவுப் பணி விதிகளிலிருந்து அக்கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது. வேறென்ன செய்யும்? ஈடுகொடுக்க இன்னொரு கம்பெனி எங்கே இருந்தது? கட்டணம் தலைக்கு மேல் ஏறவே, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பும் போட்டது. போட்டியே கட்டணத்தைக் குறைக்கும் என்று போதித்த அதே சர்க்கார்தான்!

இது புதுக்கதையுமல்ல. உலகப் போர் முடிந்ததும் மலிவாகக் கிடைத்த டகோட்டாக்களை வைத்து ஆளுக்கொரு கம்பெனி தொடங்கி, ஒன்றையொன்று கடித்து நட்டத்தில் விழுந்தார்கள். 1953-ல் எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் அமைக்கப்பட்டது. 1994-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவையே டாட்டாவிடம் ஒப்படைத்தார்கள். சர்க்காரின் கையில் ஒரு பெரிய விமானக் கம்பெனி இருந்திருந்தால், டிசம்பரில் இப்படிக் கைபிசைந்து நின்றிருக்க வேண்டுமா?

திவாலாகும் கம்பெனியில் எந்தக் கடன்காரனுக்கும் முன்னதாகச் சம்பள பாக்கி தீர வேண்டும். விமானியின் ஓய்வு நேரத்தில் கைவைக்கும் விலக்கு இனி எந்தக் கம்பெனிக்கும் கிடையாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். பாராளுமன்றம் அடுத்துக் கூடும்போது நம் உறுப்பினர்கள் இவ்விரண்டையும் எழுப்ப வேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் இப்போதே தீர்மானம் போட்டு அனுப்பட்டும்.