ஆயா சுத்துன பீடியும் என் மரப்பெட்டியும்

முதல்லயே சொல்லிடுறேன், அட்வைஸ் பண்ற தகுதி எனக்கு இல்லை. பத்து மாசம் வேப் அடிச்சவன் நான். போன மாசம் நம்ம டிபார்ட்மென்ட் குரூப்புல ஒரு சண்டை ஓடுச்சு, ஞாபகம் இருக்கா? "சிகரெட் வேற, வேப் வேற. அதுலயும் மரத்துல கையால செஞ்சது தனி ரகம், அது ஒரு ஆர்ட்"னு ஒருத்தர் போட்டிருந்தார். பதில் டைப் பண்ண உட்கார்ந்தேன், நீளமா போயிடுச்சு. அதான் இங்க எழுதுறேன். இங்கிலீஷ் மீடியத்துல வளர்ந்தவன், சந்திப்பிழை இருந்தா எடிட்டோரியல் டீமைத் திட்டுங்க.

அவர் சொன்னதுல பாதி உண்மை. அது நிஜமாவே அழகான பொருள்தான்.

துபாய்ல வேலை பார்க்கிற பெரியம்மா பையன் லீவுக்கு வந்தப்ப புதுசு ஒன்னு வாங்கிட்டு, பழசை என்கிட்ட குடுத்தார். உள்ளங்கை அளவு பெட்டி. ஒரு பக்கம் கன்னங்கரேல்னு எபனி மரம். இன்னொரு பக்கம் வேர்முண்டு மரம், அதோட ரேகைக்குள்ள நீல ரெசின் ஓடும். மூடி காந்தத்துல ஒட்டிக்கும், 'டக்'குன்னு ஒரு சத்தம் வரும். எப்படிச் செய்றாங்கன்னு தேடிப் படிச்சேன். மரத்தை நல்லா காய வச்சு, ரெசின்ல முக்கி, வேக்யூம் போட்டு உள்ளே இருக்கிற காத்தை இழுத்துடுவாங்க. அந்த இடத்துல ரெசின் போய் உட்காரும். அப்புறம் 90 டிகிரிக்குப் பக்கத்துல அவன்ல வச்சுக் கெட்டியாக்குவாங்க. அதுக்குப் பேர் ஸ்டெபிலைஸ்டு வுட். ஒரு துண்டு மாதிரி இன்னொரு துண்டு இருக்காது. மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல கூட நான் இவ்வளவு ஆர்வமா எதையும் படிச்சதில்லை.

அதோட வாழ்றது ஒரு வேலை. எபனி பக்கத்துல ரெசின் இல்லை, அதனால மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய் தடவித் துடைக்கணும். கத்திரி வெயில்ல வேலூர் எப்படின்னு உங்களுக்குத் தெரியும், பைக் டேங்க் மேல வச்சா மரம் வெடிச்சிடும். ஐப்பசி மழையில லேசா உப்பி மூடி சரியா உட்காராது. வாரத்துக்கு ஒரு தடவை காயில் மாத்தணும், பஞ்சு திணிக்கணும், பேட்டரியைத் தனியா கழட்டி சார்ஜ் போடணும். லிக்விட் கசிஞ்சா மரத்துல திட்டு விழும். கை வேர்வை பட்டுப் பட்டு, கட்டைவிரல் படுற இடம் மட்டும் தனியா மினுங்கும். அந்த மினுமினுப்பைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கேன்.

ஒரு உறையும் இருந்துச்சு. அப்பா ஆம்பூர்ல ஷூ கம்பெனியில கட்டிங் செக்ஷன். பவர் பேங்குக்கு ஒரு கவர் வேணும்ப்பான்னு அளவு சொன்னேன். கட்பீஸ்ல நல்ல தோலாப் பார்த்து எடுத்து, ராத்திரி உட்கார்ந்து கையால தைச்சுக் குடுத்தார். ஓரத்தை எல்லாம் மெழுகு போட்டுத் தேய்ச்சிருந்தார். இந்தக் கட்டுரையில எழுதுறதுக்கே எனக்குக் கஷ்டமா இருக்கிற வரி இதுதான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். இந்தப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து, நான் ஒரு ஹாபி பண்றேன்னு என்னை நம்ப வச்சது. கேமரா வச்சிருக்கிறவன் லென்ஸ் துடைக்கிற மாதிரி. "ஸ்மோக் பண்றியா?"ன்னு யாராவது கேட்டா, "இல்லையே"ன்னு மனசாரச் சொல்லுவேன். பிளாஸ்டிக்ல செஞ்ச டிஸ்போசபிளா இருந்திருந்தா ரெண்டாவது வாரமே அசிங்கமாத் தோணியிருக்கும். மரம் அந்த அசிங்கத்தை மறைச்சது. சும்மா கையில வச்சிருக்கவே எடுப்பேன், எடுத்தா வாய்க்குப் போயிடும்.

சிகரெட்டோ பீடியோ ஒரு இடத்துல முடியும். விரல் சுடும், கீழே போட்டே ஆகணும். பெட்டிக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. காலையில விரிஞ்சிபுரம் பஸ் வர்றதுக்கு முன்னாடி பாலாத்து மணல்ல நாலு இழுப்பு, லேப் ரெக்கார்டு எழுதும்போது ரெண்டு, பாத்ரூம்ல ரெண்டு. யாரும் எண்ண மாட்டோம்.

நான் எண்ணிப் பார்த்தேன், எட்டாவது மாசத்துல. பாட்டில் 30 மில்லி, ஒரு மில்லிக்கு 6 மில்லிகிராம் நிகோடின்னு லேபிள். ஆக மொத்தம் 180. முதல் பாட்டில் எனக்கு மூணு வாரம் வந்துச்சு. எட்டாவது மாசம் நாலே நாள். அதாவது ஒரு நாளைக்கு 45 மில்லிகிராம். அதுல பாதிதான் உடம்புல சேருதுன்னு வச்சாலும் 22. ஒரு சிகரெட்ல இருந்து உடம்புக்குள்ள போறது சுமாரா 1 முதல் 1.5 மில்லிகிராம். கால்குலேட்டரை நீங்களே எடுத்துக்கோங்க. 'ஸ்மோக் பண்ணாத' நான், ஒரு நாளைக்குப் பதினஞ்சு சிகரெட் ஆளா ஆகியிருந்தேன். அந்த லேபிளை யார் செக் பண்ணாங்க, அது நிஜமாவே 6 தானான்னு கேட்டா அதுக்கும் பதில் இல்லை.

கையால செஞ்சதுங்கிற வார்த்தைக்கு நம்ம எல்லாரும் மயங்குறோம். இன்ஜினியரா ஒரு நிமிஷம் யோசிங்க. கையால ஒன்னே ஒன்னு செஞ்ச பொருளை யாரும் டெஸ்ட் பெஞ்ச்ல வச்சு உடைச்சுப் பார்த்திருக்க மாட்டாங்க. 18650 செல், ஃபுல் சார்ஜ்ல 4.2 வோல்ட். 0.5 ஓம் காயில் போட்டா 8.4 ஆம்பியர், சரி. நம்ம பசங்க புகை நிறைய வரணும்னு 0.15 ஓம் சுத்துவாங்க, அப்போ 28 ஆம்பியர். நிறைய செல்லுக்கு அதோட ரேட்டிங்கே அதை விடக் கம்மி. சர்க்யூட் போர்டு இல்லாத பெட்டின்னா நடுவுல ஃப்யூஸும் கிடையாது, சில பெட்டியில கேஸ் வெளியேற ஓட்டை கூட இருக்காது. 2018-ல அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஒருத்தர் வேப் வெடிச்சே செத்திருக்கார். ஓம்ஸ் லா நமக்கு ஃபர்ஸ்ட் செமஸ்டர் பாடம். அதைப் படிச்சிட்டு அந்தப் பெட்டியைப் பேன்ட் பாக்கெட்டுல வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.

அடுத்தது அந்த ஆவி. 'வெறும் ஆவிதான்'னு சொல்லுவாங்க. காயில் உலோகம். அது சூடாகும்போது நிக்கலும் குரோமியமும் ஆவியோட சேருதுன்னு ஆய்வுகள் சொல்லுது. குரோமியம்னா என்னன்னு வேற ஊர்க்காரனுக்கு விளக்கணும், நமக்கு வேண்டாம். தோல் பதனிடுற குரோம் உப்பு பாலாத்தையும் கிணத்தையும் என்ன பண்ணுச்சுன்னு பார்த்து வளர்ந்த பசங்க நாம. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்குல 1996-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு. அதுல முன்னெச்சரிக்கைக் கொள்கைன்னு ஒன்னு வரும். பெரிய கெடுதல் வர வாய்ப்பு இருக்கிற இடத்துல, விஞ்ஞானம் இன்னும் முழுசா நிரூபிக்கலைன்னு சாக்குச் சொல்லித் தடுப்பு வேலையைத் தள்ளிப் போடக் கூடாதுன்னு அர்த்தம். ஆத்துக்கு ஒரு கோர்ட் சொன்னதை என் நுரையீரலுக்கு நானே சொல்லியிருக்கலாம். வேப்போட நாப்பது வருஷ விளைவு தெரிய இன்னும் காலம் ஆகும். அந்தப் பரிசோதனையில எலி யாருன்னு தெரிஞ்சுக்கோங்க.

எதிர் வாதம் ரெண்டு இருக்கு, ரெண்டுமே மோசமான வாதம் இல்லை.

ஒன்னு, பிரிட்டன். அங்க 2015-லேயே அரசு சுகாதார அமைப்பு, சிகரெட்டை விட வேப் 95 சதவீதம் தீங்கு குறைவுன்னு அறிக்கை விட்டுச்சு. சிகரெட்டை விடணும்னு நினைக்கிறவனுக்கு அது உதவும்னு அங்க இன்னும் சொல்றாங்க. சரி. முப்பது வருஷம் சிகரெட் பிடிச்ச ஒரு மாமாவுக்கு அது மாற்று. நான் எதை விடுறதுக்கு ஆரம்பிச்சேன்? ஒரு சிகரெட் கூட வாயில வச்சதில்லை. அதே பிரிட்டன்தான் 2025 ஜூன் 1-ம் தேதி டிஸ்போசபிள் வேப்பைத் தடை பண்ணுச்சு, அதையும் சேர்த்துச் சொல்லணும்.

ரெண்டாவது, சட்டம். தமிழ்நாடு 2018-லேயே தடை பண்ணிச்சு. 2019 செப்டம்பர் 18-ல மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, டிசம்பர்ல முழுச் சட்டமே ஆக்குச்சு. தயாரிச்சாலோ வித்தாலோ இறக்குமதி பண்ணாலோ முதல் தடவை ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லைன்னா ஒரு லட்சம் வரை அபராதம், ரெண்டும் கூடக் கிடைக்கும். அண்ணன் 'கிஃப்ட்'னு பெட்டியில போட்டுக் கொண்டு வந்தது சட்டத்தோட பாஷையில இறக்குமதி. ஆனா ஊர்ல எந்தப் பொட்டிக்கடையிலயும் பீடி கிடைக்குது. இது என்ன நியாயம்னு சீனியர்ஸ் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். பீடியைத் தடை பண்ணா வீட்டுல உட்கார்ந்து சுத்துற லட்சக்கணக்கான பொம்பளைங்க அடுப்பு எரியாது, அது ஒரு காரணம். வேப்புக்கு இங்க அப்படி யாரும் இல்லை. ஆனா அரசாங்கம் ரெண்டுல ஒன்னை விட்டு வச்சதால, இன்னொன்னு எனக்கு நல்லதுன்னு ஆகிடாது. அந்த வாதத்தை வச்சு அரசாங்கத்தைக் கேள்வி கேளுங்க. நான் அதை வச்சு இழுப்புக்குப் பர்மிஷன் எடுத்துக்கிட்டேன்.

பீடின்னதும் என் ஆயாவைச் சொல்லணும். அம்மாவோட அம்மா, பேரணாம்பட்டுப் பக்கம். நாப்பது வருஷம் பீடி சுத்துனவங்க. முந்தின ராத்திரி இலையை நனைச்சு வைக்கணும். காலையில தகடு வச்சு அளவா வெட்டணும். மடியில முறம், அதுல தூள். சுத்தி, தலையை மடிச்சு, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. விரல் நுனியெல்லாம் தேஞ்சு போயிருக்கும், புடவையில எப்பவும் தூள் வாசனை. ராத்திரி இருமுவாங்க. ஒரு பீடி கூடப் பிடிச்சதில்லை. கையால செஞ்ச பொருள்னா அதுவும் கையால செஞ்சதுதான், ஒவ்வொன்னும் தனித்தனி. அதை யாரும் ஆர்ட்னு சொல்லிக் கண்ணாடிப் பெட்டியில வைக்கலை. இன்னொரு கூத்து, எபனி மரமும் பீடி இலை மரமும் டயோஸ்பைரோஸ்னு ஒரே பேரினம். தேடிப் பார்த்தப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு.

பொங்கலுக்கு ஆயா வீட்டுக்கு வந்தப்ப என் பையில துணி எடுக்கப் போய், பெட்டியை எடுத்துட்டாங்க. மூக்குக்கிட்ட வச்சுப் பார்த்தாங்க. மாம்பழ வாசனைதான் வரும், ஆனா அவங்க மூக்கு வேற மூக்கு.

"இன்னாடா கண்ணு இது? தூளு எங்க வைப்பாங்க?"

பொய் சொல்ல வரலை. சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க, மூடியை ரெண்டு தடவை 'டக்'குன்னு மூடித் திறந்தாங்க.

"நல்லாதான் செஞ்சிருக்கான். ஆயிரத்துக்கு எவ்ளோ தர்றாங்க அவனுக்கு?"

"ஆயிரம் எல்லாம் செய்ய மாட்டாங்க ஆயா, ஒன்னு ஒன்னாதான்."

"சரி, இது எத்தினி நாள்ல தீரும்?"

"தீராது. சார்ஜ் போட்டுக்கலாம்."

"தீராதா?"ன்னு கேட்டுட்டு என் கையில குடுத்துட்டாங்க. அம்மாகிட்ட சொல்லலை. அன்னைக்கு ராத்திரிதான் அந்த 180-ஐ நாலால வகுத்துப் பார்த்தேன்.

விட்டது ஒரே நாள்ல இல்லை. முதல் வாரம் தலைவலி, எரிச்சல், ரூம்மேட்கூட சண்டை. பிளேஸ்மென்ட் ஆப்டிட்யூட் டெஸ்ட்ல உட்கார்ந்தா எழுத்து ஓடும். பதினாறாவது நாள் மறுபடி இழுத்தேன். அப்புறம் காயிலையும் கண்ணாடி டேங்க்கையும் உடைச்சுப் போட்டேன், செல்லைக் காலேஜ் இ-வேஸ்ட் பெட்டியில போட்டேன். இன்னைக்கு நாப்பத்தி மூணாவது நாள். மரத்தை மட்டும் தூக்கிப் போட மனசு வரலை, ட்ராயர்ல கிடக்கு. ரெண்டு ஜூனியர் விலை கேட்டாங்க. குடுக்கலை, குடுக்கவும் மாட்டேன்.

இந்த இதழ் வர்றதுக்கு முன்னாடி அப்பாகிட்ட அந்தப் பவர் பேங்க் கதையைச் சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் கவரை எடுத்துட்டு வரச் சொன்னார். வாசனை போகலைன்னு வெயில்ல காய வச்சிருக்கார்.

உங்க பாக்கெட்டுலயும் ஒன்னு இருந்தா, கடைசியா வாங்கின பாட்டில் எத்தனை நாள் வந்துச்சுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. பேசணும்னா காலையில ஏழே கால் விரிஞ்சிபுரம் பஸ்ல பின்சீட்டுல இருப்பேன்.