காய்ச்சுறதெல்லாம் கள்ளச்சாராயம் இல்லீங்கோ!

டிஸ்கி: இது குடிக்கச் சொல்லி எழுதுற பதிவு இல்லை. குடிக்காதவங்க தாராளமா படிக்கலாம். குடிக்கிறவங்க அவசியம் படிக்கணும்.

ஓரிகன்ல பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். மாசத்துல ஒரு சனிக்கிழமை வீட்டுல பீர் தயாரிப்பேன். இதைத் தமிழ்ல நம்மாளுங்ககிட்ட சொல்றதுக்குள்ள தாவு தீர்ந்துடுது. 'பீர் போடுறேன்'னு சொன்னா குடிக்கிறேன்னு அர்த்தம். 'காய்ச்சுறேன்'னா, "மாமூல் யாருக்குப்பா குடுக்கறே?"ன்னு கேக்குறாங்க. 'ஊறல் போட்டிருக்கேன்'னு வாயைத் திறந்தா போச்சு, போலீஸ் வந்து பானையை உடைக்கிற சினிமா சீன்தான் அவங்க கண்ணுக்குத் தெரியுது.

நக்கலை விடுங்க. அதுக்குப் பின்னாடி இருக்குற குழப்பத்தைத்தான் என்னால விட முடியலை. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60க்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. அந்த வாரம் எனக்கு ஒரு அறிவுரை வந்துச்சு: "பாத்தியா, வீட்டுல காய்ச்சினா இதான் நடக்கும். ஒழுங்கா கடையில வாங்கிக் குடி." சொன்னவரும் நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சவர்தான். அவருக்கும், அவரை மாதிரி நினைக்கிற அத்தனை பேருக்கும்தான் இந்தப் பதிவு.

முதல்ல பீர் எப்படி வருதுன்னு பாப்போம். பார்லியை முளைக்க வச்சு உலர்த்தினா அது மால்ட். அதை உடைச்சு, 65 - 67 டிகிரி சூட்டுல இருக்குற தண்ணியில ஒரு மணி நேரம் ஊற வைக்கணும். மால்ட்ல இருக்குற என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையா மாத்தும். அந்தத் தண்ணியை வடிகட்டி ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, கசப்புக்கும் வாசனைக்கும் ஹாப்ஸ்ங்கிற கொடியோட பூவைப் போடணும். அப்புறம் 20 டிகிரி வரைக்கும் ஆற வச்சு, ஈஸ்ட் போட்டு மூடி வச்சா, ரெண்டு வாரத்துல பீர். அதுக்கப்புறம் கொஞ்சம் சர்க்கரை கலந்து பாட்டில்ல அடைச்சா, இன்னும் ரெண்டு வாரத்துல கேஸ் ஏறிடும். அஞ்சு கேலன், அதாவது சுமார் 19 லிட்டர், நம்ம கணக்குல அம்பது பாட்டில்.

இப்ப சாராயம். அதுல முதல்ல ஊறல், அதாவது புளிக்க வைக்கிறது. அதுக்கு அப்புறம்தான் காய்ச்சுறது. காய்ச்சி, ஆவியைப் பிடிச்சு, குளிர வச்சு வடிக்கணும்.

வரிசையைக் கவனிச்சீங்களா? பீர்ல காய்ச்சுறது முன்னாடி, புளிக்கிறது பின்னாடி. சாராயத்துல அப்படியே தலைகீழ். பீர்ல அடுப்பு கிருமியைக் கொல்றதுக்கு. சாராயத்துல அடுப்பு ஆல்கஹாலைப் பிரிச்சு எடுக்குறதுக்கு. ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே வார்த்தைதான், 'காய்ச்சுறது'. பாலையும்தான் காய்ச்சுறோம். அதுக்காகப் பால்காரரை யாரும் உள்ள தள்றதில்லையே! :)

சரி, கள்ளக்குறிச்சிக்கு வருவோம். அங்க ஆளைக் கொன்னது மெத்தனால். பார்லியைப் புளிக்க வச்சா மெத்தனால் வர்றது சும்மா பேருக்குத்தான், ஆளைக் கொல்ற அளவு அதுல வர வழியே இல்லை. கள்ளக்குறிச்சி சாராயத்துல இருந்த மெத்தனால் எவனோட பானையிலயும் ஊறினது இல்லை. அது கெமிக்கல் ஃபேக்டரியில தயாராகுற சரக்கு. பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மூலப்பொருள். அது உடம்புக்குள்ள போனா ஃபார்மிக் அமிலமா மாறி, முதல்ல கண்ணைப் பறிக்கும், அப்புறம் உயிரை. 2023 மே மாசம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் 20க்கும் மேற்பட்டவங்க செத்ததும் இதே மெத்தனாலாலதான்.

இதுல எனக்குக் கோபம் வர்ற இடம் ஒண்ணு உண்டு. "வீட்டுல காய்ச்சினதால செத்தான்"னு சொல்லும்போது பழி முழுக்க செத்தவன் மேலயும் அவன் குடிசை மேலயும் போய் விழுது. ஃபேக்டரிக்குப் போக வேண்டிய மெத்தனால் எப்படி வெளியே வந்துச்சு, யார் வித்தது, யார் கண்ணை மூடிக்கிட்டு இருந்ததுன்னு கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் அடுப்புப் புகையில மறைஞ்சு போகுது. தப்பான வார்த்தை தப்பான ஆளைத்தான் பிடிச்சுக் குடுக்கும்.

இந்த வித்தியாசத்தை அமெரிக்கச் சட்டம் புரிஞ்சுக்கவும் நாளாச்சு. 1933ல மதுவிலக்கு முடிஞ்சதுக்கு அப்புறமும் வீட்டுல பீர் தயாரிக்கிறது சட்டவிரோதமாவே இருந்துச்சு. 1978 அக்டோபர்ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டாரு. ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 100 கேலன், ரெண்டு பேர் இருக்குற வீட்டுக்கு 200. விக்கக் கூடாது. அந்தச் சட்டம் பீரைத்தான் அனுமதிச்சுது, சாராயம் வடிக்கிறதை இல்லை. அப்புறமும் அலபாமாவும் மிசிசிப்பியும் சரின்னு சொல்ல 2013 ஆச்சு.

என்ன கெட்டுப் போச்சு? 70களோட கடைசியில அமெரிக்கா முழுக்க நூறு ப்ரூவரி கூட இல்லை. 2023ல 9,000க்கும் மேல. 1980ல சியரா நெவாடா கம்பெனியை உற்பத்திக்குக் கொண்டு வந்த கென் கிராஸ்மன் அதுக்கு முன்னாடி வீட்டுல பீர் தயாரிச்சவர்தான். இந்தப் பொழுதுபோக்குக்கு 1984ல வேதப் புத்தகம் எழுதின சார்லி பபாஸியன், அணுசக்தி இஞ்சினியரிங் படிச்சவர். நம்ம ஜாதி!

"பத்துப் பதினைஞ்சு டாலர் குடுத்தா கடையில ஆறு பாட்டில் கிடைக்குமே, உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" கிடைக்கும். இட்லி மாவும்தான் இந்தியன் ஸ்டோர்ல கிடைக்குது. அப்புறம் ஏன் சாமிகளா குளிர்காலத்துல அவன் லைட்டைப் போட்டு மாவை உள்ள வச்சு, ராத்திரி எழுந்து எழுந்து பாக்குறீங்க? நம்ம கையில ஒண்ணு பொங்கி வர்றதைப் பாக்குற சந்தோஷம்தானே? எனக்கும் அதேதான். ஹைட்ரோமீட்டர், அதாவது பால்ல தண்ணி கண்டுபிடிக்கிற லாக்டோமீட்டரோட அண்ணன், முதல் நாள் 1.050 காட்டும், ரெண்டு வாரத்துல 1.012. அப்படின்னா சுமார் 5 சதவீதம் ஆல்கஹால். என்ன போட்டேன், எவ்வளவு ஏறுச்சு, எல்லாம் நோட்டுல இருக்கும். நீங்க குடிக்கிற பாட்டில்ல என்னென்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

ஆபத்தே இல்லையான்னா, இருக்கு. சர்க்கரை அதிகமானா பாட்டில் வெடிக்கும். கொதிக்கிற பானை பொங்கினா கை வெந்துடும். சுத்தம் பத்தலைன்னா புளிச்ச தண்ணிதான் மிஞ்சும். ஆனா ஹாப்ஸும் அமிலத்தன்மையும் ஆல்கஹாலும் சேர்ந்து இருக்குறதால நோய்க்கிருமி அதுல சாதாரணமா வளராது. கெட்டுப்போன பீரைக் குடிச்சா முகம்தான் கோணும்.

"குடியை நியாயப்படுத்துறியா?" இல்லை. ஆல்கஹால்ல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு 2023ல உலக சுகாதார நிறுவனமே சொல்லியாச்சு. அது கடையில வாங்கினதுக்கும் பொருந்தும், என் பக்கெட்டுக்கும் பொருந்தும். ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். போதைதான் வேணும்னு நினைக்கிறவன் ஒரு சனிக்கிழமை பூரா பாத்திரம் கழுவி, நாலு வாரம் காத்துக்கிட்டு இருக்க மாட்டான்.

தமிழ்நாட்டுல இதைச் செய்யாதீங்க. 1937 மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தயாரிச்சா குற்றம். ஆனா அந்தச் சட்டம் நிக்கிற இடத்தையும் பாருங்க. அடுப்பே பத்த வைக்காம பனையில இருந்து இறக்குற கள்ளுக்கு 1987ல இருந்து தடை. நாப்பது சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருக்குற குவார்ட்டரை 2003ல இருந்து அரசே கடை போட்டு விக்குது. கேரளாவுல கள்ளுக்கடை இருக்கு, பாண்டிச்சேரியில இருக்கு. அப்ப இங்க குற்றம்ங்கிறது எது? உடம்பைக் கெடுக்குறதா, கல்லாவுக்கு வராததா?

மதுவிலக்கு வேணும்னு சொல்றவங்களை மதிக்கிறேன், அவங்களோட உக்காந்து பேசத் தயார். ஆனா வாரக்கடைசியில கேஸ் கணக்குல வாங்கிக் குடிச்சுட்டு, என் பக்கெட்டைப் பாத்து 'கள்ளச்சாராயம்'னு சிரிக்கிறவங்களை மதிக்க முடியலை. அடுத்த தடவை அந்த வார்த்தை வாயில வந்தா, கள்ளக்குறிச்சியில செத்தவங்க குடிச்சது என்னன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. நான் தயாரிக்கிறதுக்கு நல்ல தமிழ்ப் பேர் ஏதாவது தோணினா சொல்லுங்க. 'காய்ச்சுறது' மட்டும் வேணாம்.