குதிரைத்திறன் இருக்கட்டும்... டயரைப் பார்த்தீர்களா?

ஊரில் யாராவது புதிதாக ஒரு மினி டிராக்டர் வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினால் பார்க்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? "எத்தனை எச்.பி?" இரண்டாவது கேள்வி, "மானியம் போக என்ன விலை ஆச்சு?" மூன்றாவது, "ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு டீசல் குடிக்கும்?" டயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வாங்கியவரும் ஷோரூமில் கேட்டிருக்க மாட்டார். வண்டியோடு வந்ததுதான் டயர், டெலிவரி அன்று இருந்ததுதான் காற்று!

ஆறு மாதம் கழித்து அதே வண்டியைப் பற்றிய பேச்சு மாறிவிடும். "இன்ஜினில் இழுவை இல்லை, ஐந்து கொத்து கலப்பை போட்டாலே திணறுது, இன்னும் கொஞ்சம் பெருசா வாங்கியிருக்கலாம்." இப்படிப் புலம்பும் பலருடைய வண்டியில் இன்ஜின் நன்றாகவே இருக்கிறது. சக்தி டயர் வரை வந்து, அங்கே வழுக்கி வீணாகிறது. கடன் வாங்கி எடுத்த வண்டி. வீணாகிற டீசலும் காசு, தேய்கிற டயரும் காசு. இன்னும் பெரிய வண்டிக்குப் போவதென்றால் அதுவும் காசு. எனவே மினி டிராக்டர் வாங்குபவர் எச்.பி கேட்பதற்கு முன் டயரைக் கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

பெரிய டிராக்டருக்கும் இது பொருந்தாதா என்று கேட்கலாம். பொருந்தும். ஆனால் பெரிய வண்டி இரண்டு டன் எடை இருக்கும். அந்த எடையே சின்னத் தவறுகளை மறைத்துவிடும். இருபது இருபத்தைந்து எச்.பி உள்ள மினி டிராக்டரோ பெரும்பாலும் ஒரு டன்னுக்கும் குறைவு. அதற்குப் பிடிமானம்தான் எல்லாமே.

வழுக்கல் எவ்வளவு என்று பார்க்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சாக்பீஸும் அளவு நாடாவும் போதும். பின்டயரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கலப்பையைத் தூக்கியபடி வயலில் ஓட்டி, சக்கரம் பத்து சுற்று சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்க வேண்டும். பிறகு கலப்பையை இறக்கி, உழுதபடி அதே பத்து சுற்று. முதலில் 30 மீட்டர் போன வண்டி உழும்போது 26 மீட்டர் போனால் வழுக்கல் சுமார் 13 சதவீதம். உழவில் இந்த அளவு இருக்கத்தான் செய்யும். பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை கவலை இல்லை. 22 மீட்டர்தான் போகிறது என்றால்? கால் பங்குக்கும் மேல் வீண்! நாலு சுற்றுக்கு ஒரு சுற்று சும்மா சுற்றுகிறது. அப்போது குறை சொல்ல வேண்டியது இன்ஜினை அல்ல.

சரி, எந்த டயர் வாங்குவது? டிராக்டர் டயர்களைப் பட்டன் அமைப்பை வைத்துப் பிரிக்கிறார்கள். ஆர்-1 என்பது நாம் எல்லோரும் பார்த்திருக்கும் சாதாரண வயல் டயர். ஆர்-2 என்பதில் பட்டன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆழம், நெல் கரும்பு போன்ற ஈர நிலத்துக்கு. ஆர்-3 புல்தரை டயர், அகலமாக, பட்டன் மேலோட்டமாக இருக்கும். விளையாட்டு மைதானத்திலும் பூங்காவிலும் புல்லைக் கிழிக்காமல் ஓடுவதற்கானது. ஆர்-4 முன்னால் மண் அள்ளும் லோடர் மாட்டி வேலை செய்யும் வண்டிகளுக்கு. அமெரிக்காவில் கம்பாக்ட் டிராக்டர் வாங்குபவரிடம் இவற்றில் எது வேண்டும் என்று வாங்கும்போதே கேட்பார்கள். அங்கே பலர் அதைப் புல் வெட்டவும் பனி தள்ளவும் வாங்குகிறார்கள். இங்கே வேலை உழவும் களையெடுப்பும். எனவே பெரும்பாலோருக்கு ஆர்-1 வகைதான் சரி. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறது என்று ஆர்-4 தேடிப் போக வேண்டியதில்லை. சேற்றில் அதன் பட்டன்களுக்கு இடையே மண் அப்பிக்கொள்ளும்.

வகையை விட முக்கியமானது அகலம். டயரின் பக்கவாட்டில் 8.3-20 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 8.3 அங்குலம், ரிம்மின் விட்டம் 20 அங்குலம் என்று பொருள். மினி டிராக்டரை நம் விவசாயிகள் வாங்குவதே பருத்தி, கரும்பு, வாழை வரிசைகளுக்கு நடுவே புகுந்து போகத்தான். பயிருக்கு இடையே எவ்வளவு இடம் இருக்கிறது, அதில் டயர் போக இரண்டு பக்கமும் எத்தனை விரல் மிஞ்சும் என்று அளந்த பிறகுதான் வண்டியையே முடிவு செய்ய வேண்டும். வண்டியை வாங்கிவிட்டு அதற்கேற்ப நடவு இடைவெளியை மாற்றுவது, செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுகிற கதை.

பல மினி டிராக்டர்களில் பின்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கூட்டிக் குறைக்க முடியும். ரிம்மையும் நடுவில் உள்ள டிஸ்கையும் திருப்பி மாட்டினால் அகலம் மாறும். இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன.

ஒன்று, பட்டனின் திசை. பின்டயரில் பட்டன்கள் 'வி' வடிவில் இருக்கும். அந்தக் கூர்முனைதான் முதலில் மண்ணைத் தொட வேண்டும். அப்போதுதான் மண் இரண்டு பக்கமும் தள்ளப்பட்டு டயர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் கூர்முனை மேல்நோக்கித் தெரிய வேண்டும். சக்கரத்தை அப்படியே திருப்பி அதே பக்கம் மாட்டினால் திசை தலைகீழாகிவிடும். திருப்பினால் இடது சக்கரம் வலதுக்கும் வலது இடதுக்கும் போக வேண்டும். டயரிலேயே அம்புக்குறி இருக்கும், பார்த்து மாட்டினால் போதும்.

இரண்டாவது தவறு உயிர் சம்பந்தப்பட்டது. வரிசைக்குள் நுழைவதற்காகச் சக்கரங்களை நெருக்கி வைத்தால் வண்டி எளிதில் கவிழும். களையெடுத்து முடித்த அதே நெருக்கத்தோடு வாய்க்கால் கரையிலும் வரப்பு மேலும் வேகமாகத் திரும்புவது ஆபத்து. வரிசை வேலை முடிந்ததும் சக்கரங்களைப் பழையபடி அகட்டி வைக்க அரை நாள் வேலை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த அரை நாளுக்கு விலை பேசக் கூடாது. சிறிய வண்டிதானே, விழுந்தால் என்ன ஆகிவிடும் என்ற நினைப்பும் தவறு. அரை டன் இரும்பு மேலே விழுந்தாலும் போதும்.

நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி என்றால் இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறது. முன்டயருக்கும் பின்டயருக்கும் உள்ள சுற்றளவு விகிதத்தைக் கணக்கிட்டுத்தான் கியர் அமைத்திருப்பார்கள். "பின்னால் மட்டும் பெரிய டயர் போட்டால் இழுவை கூடும்" என்று சொல்லும் கடைக்காரரின் பேச்சைக் கேட்டு அளவை மாற்றினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றை ஒன்று எதிர்த்து இழுக்கும். டயர் தேயும், கியருக்கும் கேடு. மாற்றுவதாக இருந்தால் நான்கையும் விகிதம் கெடாமல் மாற்ற வேண்டும். தார்ச்சாலையில் முன் இழுவையை நிறுத்திவிட்டு ஓட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இப்போது காற்று. செலவே இல்லாத வைத்தியம் இதுதான், அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான்! டயர் கல் மாதிரி இருந்தால் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். வயலில் அது கெடுதல். காற்று அதிகமானால் டயரின் நடுப்பகுதி மட்டும் மண்ணைத் தொடும். பிடிமானம் குறையும், தொட்ட இடத்தில் மண் இறுகும். இறுகிய மண்ணில் வேரும் இறங்காது, நீரும் இறங்காது. அதற்காகக் காற்றை மிகவும் குறைத்தால் டயர் ரிம்மில் நழுவி, ட்யூபின் வால்வு பிய்ந்துவிடும். வயல் வேலைக்குப் பின்டயரில் 12 பி.எஸ்.ஐ அளவில் இருப்பது வழக்கம். டிரெய்லர் மாட்டி ரோட்டில் போகும்போது கூட்ட வேண்டும். சரியான எண் வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கிறது. அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் பீரோவில் இருப்பதுதான் பிரச்சினை.

காற்றைச் சரி செய்தும் வழுக்குகிறதா? அப்போது எடை. பின்டயரில் வால்வை மேலே நிறுத்தி அதன் மட்டம் வரை தண்ணீர் நிரப்பினால் ஏறக்குறைய முக்கால் பாகம் நிறையும், மீதி காற்று. இது நல்ல வழிதான். ஆனால் தண்ணீரை நினைத்தபோது எடுக்க முடியாது. காலையில் உழவு, மாலையில் களையெடுப்பு என்று ஓடுபவருக்குக் கழற்றி மாட்டும் இரும்பு எடைகள் மேல். தேவையில்லாத எடையும் மண்ணை மிதிக்கத்தான் செய்யும்.

நெல் வயல் மட்டும் தனிக்கதை. ஒரு காலத்தில் டிராக்டர்கள் இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. 1932-இல் அமெரிக்காவின் ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தன் மாடல் யு டிராக்டரில் காற்றடைத்த ரப்பர் டயரைக் கொண்டுவந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே இரும்பு ஒதுங்கிவிட்டது. ஆனால் நம் சேற்று உழவில் இரும்பு இன்னும் இருக்கிறது, கேஜ் வீல் என்ற பெயரில்! சேற்றில் எந்த ரப்பர் பட்டனும் அதற்கு ஈடில்லை. நெல் மட்டுமே போடுபவர் விலை உயர்ந்த டயரைத் தேடுவதை விட, வண்டிக்குப் பொருத்தமான கேஜ் வீலைத் தேடுவது புத்திசாலித்தனம். அதோடு தார்ச்சாலையில் ஏறாமல் இருப்பது ஊருக்கும் நல்லது. ரோட்டைக் கிழித்துவிட்டு, ரோடு மோசம் என்று நாமே பேசக் கூடாது.

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கம்பெனிக்கு வண்டியைத் தெரியும். ஆனால் உங்கள் வயல் கரிசலா செம்மண்ணா, உங்கள் வரிசை மூன்றடியா ஐந்தடியா என்று அதற்குத் தெரியாது. வாடகைக்கு ஓட்டுபவர்கள், "தினம் ஒரு வயல், ஒவ்வொன்றுக்கும் மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?" என்பார்கள். அதுவும் உண்மைதான். சக்கர அகலத்தைத் தினமும் மாற்ற முடியாது. ஆனால் காற்றை மாற்ற முடியும். அதற்கு ஒரு கேஜும் கைப்பம்பும் வண்டியில் இருந்தால் போதும்.

ஆக, அடுத்த முறை வாசலில் புது வண்டி நின்றால் எச்.பி கேட்கிற கூட்டத்தில் ஒருவராவது குனிந்து டயரைப் பாருங்கள். "அண்ணே, உங்க வரிசைக்கு இந்த அகலம் சரியா இருக்குமா? காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அன்று மாலையே அவர் அந்தக் கையேட்டைத் தேடி எடுப்பார்.