நெரிசலில் கற்றது நெடுஞ்சாலைக்கு உதவாது

"சென்னையில் வண்டி ஓட்டினவன் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் ஓட்டுவான்." துபாய்க்கு வேலைக்குப் போகும் நம்மவர்களில் பலர் இந்த நம்பிக்கையோடுதான் விமானம் ஏறுகிறார்கள். பாராட்டைப் போலச் சொல்லப்படும் இந்த வாக்கியம் சுத்தப் பொய். நம்பி ஓட்டுபவரின் உயிரையும் அடுத்தவர் உயிரையும் பறிக்கக்கூடிய பொய்.

அண்ணா சாலையிலும் கோயம்பேட்டிலும் நாம் பழகியது எது? கிடைத்த இடுக்கில் மூக்கை நுழைப்பது, ஹாரன் அடித்து வழி வாங்குவது, குறுக்கே ஆட்டோ வந்தால் சட்டென்று ஒடித்துத் திருப்புவது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு எட்டு மீட்டர்தான் நகரும். கண்ணும் காலும் சுறுசுறுப்பாக இருந்தால் தப்பித்துவிடலாம். மணிக்கு 120 கிலோமீட்டரில் அதே வண்டி நொடிக்கு 33 மீட்டர் பாய்கிறது. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு நொடி இடைவெளி வேண்டுமென்றால் 66 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். காலி இடத்தைக் கண்டதும் புகுந்துவிடப் பழகிய கை, அந்த 66 மீட்டரைச் சும்மா விடாது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

திசையும் மாறுகிறது. துபாயில் போக்குவரத்து வலப்பக்கம், ஸ்டியரிங் இடப்பக்கம். ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வழிவிட வேண்டும். அது இடப்பக்கமிருந்து வரும். இருபது வருடம் ஊரில் ஓட்டிய கண் முதலில் வலப்பக்கம்தான் போகும். பதற்றத்தில் பழைய பழக்கமே முந்திக்கொள்ளும் என்பதால், அனுபவம் கூடக் கூட இந்தச் சிக்கலும் கூடுகிறது.

நம் ஊர் உரிமத்தை அப்படியே ஏற்காமல் துபாய் புதிதாகத் தேர்வு வைக்கிறது. "டெஸ்டில் ஃபெயில் ஆக்குவதே பணம் பிடுங்கத்தான்" என்பது பலரின் குற்றச்சாட்டு. செலவு அதிகம் என்பதை நானும் மறுக்கவில்லை. சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பும் ஒருவருக்கு, ஒவ்வொரு தோல்வியும் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் விழும் அடி. ஆனால் பணம் பிடுங்குவதுதான் நோக்கம் என்றால், சொந்த நாட்டு உரிமம் உள்ளவர்கள் வகுப்புக்கே போகாமல் ஒரே ஒரு முறை நேரடியாகத் தேர்வுக்குப் போகும் 'கோல்டன் சான்ஸ்' வாய்ப்பை 2023-இல் ஏன் கொடுத்தார்கள்? நன்றாக ஓட்டத் தெரிந்தவர் அந்த ஒரு தேர்விலேயே தேறிவிடலாம். தோற்பவர்களில் பலர் மிரர் பார்க்காமல் லேன் மாறியதற்கும், தலையைத் திருப்பிப் பக்கவாட்டைக் கவனிக்காததற்கும் தோற்கிறார்கள். இவை அற்பக் காரணங்கள் அல்ல. நெடுஞ்சாலையில் ஒரு குடும்பம் வீடு திரும்புமா என்பதை இவைதான் முடிவு செய்கின்றன.

"வெள்ளைக்காரனுக்கு மட்டும் உரிமத்தை அப்படியே மாற்றித் தருகிறார்களே" என்று கேட்பவர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். பிரிட்டனிலும் நம்மைப் போல இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள். அந்த நாட்டு உரிமத்தை நம்பும் ஊர் நம் உரிமத்தை ஏன் நம்பவில்லை? டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டி, மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டி, நெடுஞ்சாலையை ஒருமுறைகூடத் தொடாமல் உரிமம் வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த அட்டைக்கு நாமே கொடுக்காத மதிப்பை அயலார் கொடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை.

கணக்கைப் பாருங்கள். 2007-இல் துபாயில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 22 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். 2023-இல் அது 1.6 ஆகக் குறைந்துவிட்டது. இதே காலத்தில் மக்கள்தொகையும் வண்டிகளும் பெருகிக்கொண்டே போயின. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து லட்சத்தை எட்டாத ஊர் இன்று 35 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. பல நாட்டுப் பழக்கங்களோடு வந்து குவியும் மனிதர்களை ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவராமல் இந்த வீழ்ச்சி நடந்திருக்காது. சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1,000 திர்ஹாம் அபராதம், 12 கரும்புள்ளி, 30 நாள் வண்டி பறிமுதல். கைப்பேசியோடு ஓட்டினால் 800 திர்ஹாம், நான்கு புள்ளி. ஓராண்டில் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் முடக்கம். கடுமைதான். அந்தக் கடுமையால் பிழைத்திருப்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.

நாம் பெருமை பேசும் நம் சாலைகளின் கணக்கு என்ன? 2022-இல் இந்தியாவில் 1,68,491 பேர் விபத்துகளில் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலமும் நம்முடையதுதான். இந்தச் சாலைகளில் இதுவரை தப்பித்ததைத் திறமை என்று சொல்லிக்கொள்வது, இறந்துபோனவர்களை ஓட்டத் தெரியாதவர்கள் என்று சொல்வதாகும்.

வளைகுடாவுக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளே, உரிமத்துக்கு ஃபைல் திறக்கும் நாளில் உங்களைப் புதிதாகக் கற்க வந்தவராகவே நினைத்துக்கொள்ளுங்கள். தோற்றால் அதிகாரியைத் திட்டுவதை விட்டு, எந்தப் பிழைக்குத் தோற்றீர்கள் என்று கேட்டுத் திருத்துங்கள். ஊரில் இருப்பவர்களே, பிள்ளைக்கு உரிமம் எடுக்கும்போது 'சீக்கிரம் கிடைக்குமா' என்று கேட்காதீர்கள். 'சரியாகச் சொல்லிக்கொடுப்பார்களா' என்று கேளுங்கள். ஒழுங்காகக் கற்றவருக்குத்தான் எந்த ஊர்ச் சாலையிலும் ஓட்டும் தகுதி உண்டு.