திறப்புவிழாவுக்குப் பிறகு யார் நிற்கிறது?

எங்கட பீடத்தில் ஒரு கட்டடத்தின் வாசலில் கறுப்புக் கல் ஒன்று பதித்திருக்கிறார்கள். யார் திறந்து வைத்தது, என்ன திகதி எல்லாம் அதில் இருக்கு. ஆனால் மாரி மழைக்கு ஒழுகினபோது கூரையில் ஏறி ஓடு மாத்தின அண்ணையின்ர பெயர் எங்கேயும் இல்லை. நாலு வருசமா அந்தக் கல்லைக் கடந்து போயிருக்கிறேன். அது உறைத்தது ஒஸ்மோகொம் பற்றி வாசித்த பிறகுதான்.

ஒஸ்மோகொம் என்றால் கைத்தொலைபேசி வலையமைப்பை நடத்துவதற்கான திறந்த மூல மென்பொருள்களின் தொகுதி. நாங்கள் ஒரு கோல் எடுக்கும்போது அது கோபுரத்தோடு மட்டும் முடிவதில்லை. பல கோபுரங்களை மேய்க்க ஒரு கட்டுப்படுத்தி வேணும். அழைப்பை உரிய ஆளிடம் இணைக்க ஒரு மாற்றகம் வேணும். எந்த சிம் யாருடையது என்று சொல்ல ஒரு பதிவேடு வேணும். இவை ஒன்றோடொன்று எப்படிக் கதைக்க வேண்டும் என்ற விதிகள் பகிரங்கமானவை, யாரும் இறக்கி வாசிக்கலாம். ஆனால் அந்த விதிகளின்படி ஓடுகிற மென்பொருள் நீண்டகாலம் ஒரு சில கம்பனிகளின் பெட்டிக்குள்தான் பூட்டிக் கிடந்தது.

2008 இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் வெல்ட்டேயும் நண்பர்களும் சீமென்ஸின் பழைய பிஎஸ்-11 தளநிலையத்தை வைத்து, அதை இயக்க ஓபன்பிஎஸ்சி என்ற மென்பொருளை எழுதினார்கள். அந்த வருசக் கடைசியில் பெர்லினில் நடந்த கேயொஸ் கொம்பியூட்டர் கிளப்பின் மாநாட்டில் அதைக் காட்டினார்கள். திறப்புவிழா மாதிரி இது நல்ல கதை, எல்லாரும் சொல்லுகிற கதை. எனக்குச் சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது.

மெக்சிகோவின் வஹாக்கா மாநில மலையில் தலேயா தெ காஸ்த்ரோ என்று ஒரு சப்போதெக் ஊர். பெரிய கம்பனிகள் லாபம் இல்லை என்று அங்கே கோபுரம் போடவில்லை. 2013 இல் ரைசோமற்றிக்கா என்ற அமைப்பின் உதவியோடு ஊர்ச்சனம் தங்களுக்கென்று ஒரு கைத்தொலைபேசி வலையமைப்பைத் தொடங்கியது. பக்கத்து ஊர்களும் சேர்ந்தன. பின்னர் இந்த வலையமைப்புகளுக்கு ஒஸ்மோகொம் மென்பொருளே அடித்தளமாகியது. 2016 இல் இவர்களின் கூட்டமைப்புக்கு அலைவரிசை உரிமமும் கிடைத்தது.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ. மலையில் ஒரு அம்மா வெளிநாட்டில் இருக்கும் மகனோடு கதைக்கிறா. அந்தக் கோல் அறுந்தால் பிழை எங்கேயோ ஒரு நிரல் வரியில் இருக்கலாம். அதைத் தேடித் திருத்துகிற ஆள் இருந்தால்தான் அந்த ஊருக்குப் போன் இருக்கு. மென்பொருள் இலவசமாகக் கிடைக்கலாம். அதைப் பார்க்கிற ஆளின் நேரம் இலவசம் இல்லை.

ஒஸ்மோகொம்காரர் செய்த வேலைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது, 2017 அளவில் ஒரே கட்டியாக இருந்த அந்தப் பழைய நிரலைப் பிரித்து, கட்டுப்படுத்தி, மாற்றகம், பதிவேடு என்று தனித்தனியாக்கியது. வெளியிலிருந்து பார்த்தால் புதுசா ஒன்றும் வரவில்லை. கோல் முந்தி மாதிரித்தான் போகும். ஆனால் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் கொஞ்ச வருசத்தில் ஒருத்தரும் கை வைக்கப் பயப்படுகிற சிக்கலாகியிருக்கும். அதோடு, ஒரு திருத்தம் இன்னொன்றை உடைத்ததா என்று பார்க்கத் தானாக ஓடும் சோதனைகளையும் எழுதினார்கள். இதற்கு யாரும் கைதட்டுவதில்லை.

"2ஜி செத்துப்போச்சு, அதுக்கேன் இவ்வளவு?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் ஏடி அன்ட் டி 2017 தொடக்கத்திலேயே தன் 2ஜியை மூடிவிட்டது. ஆனால் 'பழசு' என்பதைத் தீர்மானிப்பது யார்? கம்பனிக்கு லாபம் முடிகிற நாளும் ஒரு ஊருக்குத் தேவை முடிகிற நாளும் ஒன்றில்லை. பூட்டின பெட்டி என்றால் கம்பனி கைவிட்ட அன்றே கதை முடிந்தது. திறந்த மூலம் என்றால் தேவைப்படுகிறவர்கள் தொடர்ந்து நடத்த வழி இருக்கு. வழி மட்டும்தான். நடத்த ஆள் வேணும், ஆளுக்குச் சம்பளம் வேணும்.

மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பதையும் சொல்ல வேணும். இரண்டாம் வருசத்தில் ஒரு திறந்த மூல மென்பொருளைத் தமிழாக்க உற்சாகமாக இறங்கினேன். நூறு நூற்றைம்பது சொற்றொடர் செய்து, முகநூலில் படமும் போட்டேன். அடுத்த பதிப்பு வந்தபோது பாதிச் சொற்றொடர்கள் மாறியிருந்தன. பரீட்சை என்று சொல்லி விட்டவன்தான், திரும்பிப் போகவில்லை. இன்றைக்கும் அதில் மெனு பாதி தமிழ், பாதி ஆங்கிலம். தொடங்கினதுக்கு எனக்கு லைக் கிடைத்தது. பாதியில் விட்டதுக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

பிரச்சினை அங்கேதான் இருக்கு. புதுசாத் தொடங்குகிறவனைத்தான் எங்களுக்குக் கண் தெரியுது. ஹக்கத்தோன் வைக்கிறோம், பரிசு கொடுக்கிறோம், அடுத்த நாள் அந்த நிரலை ஒருத்தரும் திறப்பதில்லை. ஒரு வருசம் புதுப் போட்டி வைக்காமல், முந்தி வென்றதில் எது இன்னும் ஓடுது என்று பார்த்து, அதைத் திருத்துகிறவர்களுக்குப் பரிசைக் கொடுத்துப் பார்ப்போமே. நிரல் தெரியாத எங்களுக்கும் வேலை இருக்கு: கையேடு எழுதலாம், மொழிபெயர்க்கலாம், பிழையைக் கண்டால் தெளிவாக எழுதி அறிவிக்கலாம்.

நான் அந்தப் பாதி மெனுவை இந்த விடுமுறையில் திரும்பத் திறக்கப் போகிறேன். படம் போட மாட்டேன்.