அட்டையைப் பிடுங்காதீர்கள், விதியைச் சொல்லுங்கள்

போக்கிமான் அட்டை ஆட்டத்தில் பிக்காச்சுக்கு விஷம் ஏறியிருக்கிறது. அந்த நேரத்தில் அது ராய்ச்சுவாக எவால்வ் ஆனால், அதாவது அடுத்த வடிவத்துக்கு மாறினால், விஷம் தீருமா, தீராதா? இதில்தான் போன சீசனில் என் ட்யூஷன் பிள்ளைகள் இருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தீரும் என்பதே விதி. பட்ட அடி மட்டும் அப்படியே நிற்கும். ஏற்றிய எனர்ஜி அட்டையும் போகாது. ஒரு நிமிடத்தில் தீர்க்கக்கூடிய வழக்கு. வீட்டுப் பெரியவர்களோ, “விளையாட்டுக்குப் போய் சண்டையா” என்று அட்டைகளைப் பிடுங்கி பீரோ மேல் போட்டுவிட்டார்கள். அது தவறு.

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் அருவிக்குப் போகும் வழியெல்லாம் கடைகள். நேந்திரம் சிப்ஸ், ரம்புட்டானுக்குப் பக்கத்திலேயே தங்க நிறத்தில் மின்னும் போக்கிமான் அட்டைக் கட்டும் தொங்குகிறது. தண்ணீர் கூடி ஐந்தருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டால், அறையில் அடைந்து கிடக்கும் பிள்ளைகள் அதைத்தான் பிரிக்கிறார்கள். உள்ளே அட்டை இருக்கிறது, விதிப்புத்தகம் இல்லை. 1996இல் ஜப்பானில் பிறந்த இந்த ஆட்டத்துக்கு ஆளுக்கு 60 அட்டை, 6 பரிசு அட்டை, அடிப்படை எனர்ஜி தவிர ஒரே பெயரில் 4க்கு மேல் கூடாது என்றெல்லாம் ஒழுங்கு உண்டு. நம் பிள்ளைகள் எண் பெரிதாக இருந்தால் ஜெயம் என்று ஆடுகிறார்கள்.

நான் கணக்கு டீச்சர். எனக்குப் பிடித்த சிக்கல் இது: தாக்குதல் 40. கூட 10 தரும் அட்டையும் போட்டாயிற்று. எதிராளிக்கு அந்த வகை பலவீனம், அதாவது இரண்டு மடங்கு. ஒருவன் நாற்பதை இரட்டித்துப் பத்தைக் கூட்டி 90 என்பான். இன்னொருத்தி முதலில் கூட்டி, பிறகு இரட்டித்து 100 என்பாள். எதிரில் நிற்பதன் உயிர் 100 என்றால் அந்தப் பத்தில்தான் ஆட்டமே இருக்கிறது. அவள் சொன்னதே சரி. தாக்குகிறவர் பக்கத்துக் கூட்டல் முதலில், பிறகு பலவீனம், பிறகு எதிர்ப்பு, கடைசியில்தான் தாங்குகிறவர் பக்கத்துக் குறைப்பு. களத்துக்கு வராமல் பெஞ்சில் காத்திருப்பவற்றுக்குப் பலவீனம் பார்ப்பதில்லை. அட்டையிலேயே வேறு மாதிரி அச்சிட்டிருந்தால் அட்டை சொல்வதுதான் செல்லும். கரும்பலகையில் எத்தனை முறை போட்டாலும் ஏறாத அடைப்புக்குறிக் கணக்கு இதில் ஏறிவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. கவிழ்த்து வைத்த துருப்பைத் திறக்கச் சொன்னவர் உடனே துருப்பு இறக்கியாக வேண்டுமா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தால், சீட்டுக் கலைக்கும் முன்பே அதைப் பேசி முடிப்பார்கள். தங்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு மரியாதை தந்தவர்கள், பேரப்பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் அதைத் தர வேண்டும்.

ஆங்கில விதிப்புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் சாரத்தைத் தமிழில் நான்கைந்து பக்கமாக எழுதி தென்காசி வ.உ.சி. நூலகத்தில் வைக்கலாம். சனிக்கிழமை பிற்பகல் பிள்ளைகளுக்கு ஒரு மேசை ஒதுக்கினால் போதும். எழுதித் தரவும், கூட உட்கார்ந்து வழக்குத் தீர்க்கவும் நான் தயார்.